எத்தனை ஆண்டு உழைக்கும்?

கைபேசி வாங்கப் போகிறவர்கள் இப்போதெல்லாம் கடைக்குள் நுழையும் முன்பே பல ஒப்பீடுகளைப் பார்த்துவிடுகிறார்கள். இந்தப் போனில் 50 மெகாபிக்சல், அதில் 200. இதில் 5,000 எம்ஏஎச் பேட்டரி, அதில் 6,000. இந்த பிராசஸர் இத்தனை லட்சம் புள்ளிகள் எடுத்தது, அது சற்றுக் குறைவு. இப்படி இரண்டு போன்களை அக்கம்பக்கமாக நிறுத்தி அலசி முடித்த பிறகு, கூடவே ஒரு ஸ்மார்ட்வாட்ச்சும் எடுத்தால் தள்ளுபடி என்ற சலுகை வந்து நிற்கும். இந்த அட்டவணைகளில் இருக்கும் விவரங்கள் பெரும்பாலும் உண்மையே. ஆனால், முடிவெடுக்க உதவக்கூடிய இரண்டு விவரங்கள் அவற்றில் அநேகமாக இருப்பதில்லை. போன் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது ஒன்று. வாட்ச் காட்டும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது மற்றொன்று. இரண்டும் நிறுவனங்களின் ஆவணங்களில் பொடி எழுத்தில்தான் இருக்கின்றன. விளம்பரத்தின் பெரிய எழுத்தை ஒதுக்கிவிட்டு அந்தப் பொடி எழுத்தை வைத்து ஒப்பிட்டால், எந்தப் போன் வாங்குவது, வாட்ச் தேவையா என்ற இரண்டு கேள்விகளுக்கும் நாம் வழக்கமாகக் கேட்கும் பதில்கள் மாறிவிடும்.

பெரிய எழுத்தில் இருப்பவை எவ்வளவு தூரம் பயன்படும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். 200 மெகாபிக்சல் கேமரா வழக்கமாக எடுத்துத் தரும் படம் 200 மெகாபிக்சல் கொண்டதல்ல. சென்சார் அண்டை அண்டையாக உள்ள 16 பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து, ஏறக்குறைய 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் கொடுக்கிறது. குறைந்த வெளிச்சத்தில் படம் தெளிவாக வருவதற்கு அதுதான் சரியான வழியும்கூட. எனவே பெட்டியின் மேல் உள்ள எண்ணை வைத்து இரண்டு கேமராக்களை எடைபோட முடியாது. வேகப் புள்ளிகளின் கதை இதைவிட மோசம். 2022 மார்ச்சில் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்10 முதல் எஸ்22 வரையிலான போன்களைத் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது கீக்பெஞ்ச். போனுக்குள் இருந்த ஒரு மென்பொருள், நாம் அன்றாடம் பயன்படுத்தும் பல செயலிகளின் வேகத்தை மட்டுப்படுத்திவிட்டு, வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் போன்ற செயலிகளை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டது தெரியவந்ததே காரணம். அதற்கு முந்தைய ஆண்டு ஒன்பிளஸ் 9 போன்களும் இதே போன்ற காரணத்துக்காக நீக்கப்பட்டன. போனைச் சூடாகாமல் பார்த்துக்கொள்ள வேகத்தைக் குறைப்பது நியாயமான வேலை. தேர்வாளர் வரும்போது மட்டும் குறைக்காமல் இருப்பதுதான் நியாயமில்லை.

ஆயுளுக்கு வருவோம். கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8 போனுக்கும், சாம்சங் 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 போனுக்கும் ஏழு ஆண்டுகள் மென்பொருள் அப்டேட் தருவதாக அறிவித்தன. அதே ஆண்டில் 20,000 ரூபாய்க்குக் குறைவான விலையில் வந்த கேலக்ஸி ஏ16 5ஜி போனுக்கு ஆறு ஆண்டு உறுதி கிடைத்தது. அதே விலையில் விற்கும் வேறு பல போன்களுக்கு இரண்டு அல்லது மூன்று புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளோடு கதை முடிந்துவிடுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 18,000 ரூபாய் போன் மூன்று ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 6,000 ரூபாய். 42,000 ரூபாய் போன் ஏழு ஆண்டு உழைத்தாலும் அதே 6,000 ரூபாய்தான். 18,000 ரூபாய் போனே ஆறு ஆண்டு உழைத்தால் ஆண்டுச் செலவு 3,000 ரூபாயாகிவிடும். விலைக்கும் ஆயுளுக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டியதில்லை என்பதால்தான் இந்தக் கணக்கு அவசியமாகிறது. இதில் பலரும் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு. இந்த ஆண்டுகள் பொதுவாகப் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. தீபாவளித் தள்ளுபடியில் பாதி விலைக்குக் கிடைக்கும் இரண்டு ஆண்டுப் பழைய மாடல், இரண்டு ஆண்டு ஆயுளைக் கழித்துவிட்டுத்தான் நம் கைக்கு வருகிறது. தள்ளுபடியைக் கணக்கிடும்போது அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அப்டேட் நின்றால் என்ன, போன் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று கேட்கலாம். சில காலம் ஓடும். பிறகு செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். 2025 மே மாதம் வாட்ஸ்அப், ஐஓஎஸ் 15.1 பதிப்புக்குக் கீழுள்ள ஐபோன்களைக் கைவிட்டபோது 2014இல் வந்த ஐபோன் 6 செயலிழந்த கருவியைப் போலானது. அந்தப் போனில் வாட்ஸ்அப் பத்து ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். செயலிகள் கைவிடுவதற்கு முன்பே பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாமல் கிடக்கத் தொடங்கிவிடும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போனை மாற்றிவிடுகிறவர்களுக்கு ஏழு ஆண்டு எதற்கு என்ற எதிர்வாதமும் உண்டு. மாற்றப்பட்ட போன் எங்கே போகிறது என்பதுதான் இதற்குப் பதில். நம் வீடுகளில் அது குப்பைக்குப் போவதில்லை. பிள்ளை புதுப் போன் வாங்கினால் பழையது அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து தாத்தாவுக்கு என்று கைமாறுகிறது. ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கும் யுபிஐ செயலியும் அந்தப் போனில்தான் இருக்கின்றன. ஆன்லைன் மோசடிக்காரர்கள் குறிவைக்கும் வயதினரிடம்தான் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனை நாம் கொடுத்து வைத்திருக்கிறோம். முதலில் வாங்குபவர் மூன்று ஆண்டுதான் வைத்திருப்பார் என்றாலும், அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்காகவே ஏழு ஆண்டு உறுதி தேவைப்படுகிறது.

மென்பொருள் உறுதி கிடைத்துவிட்டால் போதாது. பேட்டரியும் உடன்வர வேண்டும். தேய்ந்த பேட்டரி கொண்ட ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததை ஆப்பிள் ஒப்புக்கொண்டது 2017 டிசம்பரில். அதை வாடிக்கையாளர்களிடம் சொல்லாததற்காக 2020இல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2025 ஜூலையில் கூகுள், பிக்சல் 6ஏ போன்களில் பேட்டரி சூடாகும் ஆபத்தைக் காரணம் காட்டி, 400 முறை சார்ஜ் ஆன போன்களின் பேட்டரித் திறனைக் குறைக்கும் கட்டாய அப்டேட்டை அனுப்பியது. நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போடுபவருக்கு 400 என்பது ஓர் ஆண்டும் சில வாரங்களும்தான். இந்தச் சிக்கலை ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தால் பிடித்திருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே புதிதாகச் சந்தைக்கு வரும் போனின் பேட்டரி 800 சார்ஜ் சுழற்சிகளுக்குப் பிறகும் 80 சதவீதத் திறனைத் தக்கவைத்திருக்க வேண்டும். ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு அப்டேட் தர வேண்டும். உதிரிபாகங்கள் ஏழு ஆண்டு கிடைக்க வேண்டும். பேட்டரி எத்தனை சுழற்சி தாங்கும், கீழே விழுந்தால் எந்த அளவுக்குத் தாக்குப்பிடிக்கும், பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதெல்லாம் லேபிளில் தரவரிசையோடு அச்சாகிறது. இந்த விவரங்கள் அடங்கிய ஐரோப்பியத் தரவுதளத்தை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அங்கே விற்கும் அதே மாடலை இங்கே வாங்கும் ஒருவருக்கு, காணொளி ஒப்பீடுகள் அனைத்தையும்விட அந்த ஒரு பக்கம் கூடுதலாக உதவும்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு வாட்ச் பக்கம் திரும்பினால் காட்சி சட்டென்று மாறிவிடுகிறது. மேற்சொன்ன ஐரோப்பிய விதி போன்களையும் டேப்லெட்களையும் பற்றியது. ஸ்மார்ட்வாட்ச் அதில் அடங்காது. விலையும் ஆயுளுக்கு உத்தரவாதம் அல்ல. 2015இல் ஆப்பிள் தன் முதல் வாட்ச்சை 18 கேரட் தங்கத்திலும் வெளியிட்டது. விலை 10,000 டாலரில் தொடங்கி 17,000 டாலர் வரை. 2018இல் வந்த வாட்ச்ஓஎஸ் 5, அந்த முதல் தலைமுறை வாட்ச்சில் ஓடாது என்று ஆகிவிட்டது. தங்கத்துக்கு உள்ளே இருந்த மின்னணுவின் மென்பொருள் ஆயுள் மூன்றே ஆண்டு. பெப்பிள் வாட்ச்சை விரும்பி வாங்கியவர்கள் அந்த நிறுவனம் 2016 இறுதியில் மூடப்பட்டதையும், 2018 ஜூனில் அதன் சர்வர்கள் நிறுத்தப்பட்டதையும் பார்த்தார்கள். வாட்ச்சின் ஆயுள் அதன் உலோகத்தில் இல்லை. எங்கோ இருக்கும் ஒரு சர்வரிலும், அது இணைந்திருக்கும் போனிலும் இருக்கிறது.

போனோடு உள்ள அந்த இணைப்புதான் வாட்ச்சின் மறைமுக விலை. ஆப்பிள் வாட்ச் ஐபோனோடு மட்டுமே இயங்கும். 2021இல் வந்த கேலக்ஸி வாட்ச்4 முதல் சாம்சங் வாட்ச்கள் ஐபோனோடு இணையாது. அவற்றின் இசிஜி, ரத்த அழுத்த வசதிகள் வேறு நிறுவனத்து ஆண்ட்ராய்டு போன்களிலும் முறையாகக் கிடைக்காது. சாம்சங் போனே வேண்டும். எனவே இன்று வாங்கும் வாட்ச், நாளை வாங்கப்போகும் போனையும் இன்றே முடிவுசெய்துவிடுகிறது. அமெரிக்க நீதித் துறை 2024 மார்ச்சில் ஆப்பிள்மீது தொடுத்த ஏகபோக வழக்கின் குற்றச்சாட்டுகளில் இந்த வாட்ச் பிணைப்பும் ஒன்று. ஐபோனின் இணைப்பு வசதிகளைப் பிற நிறுவன வாட்ச்களுக்கும் திறந்துவிடும்படி ஐரோப்பிய ஆணையம் 2025 மார்ச்சில் ஆப்பிளுக்கு உத்தரவிட்டது. போன்களை நிதானமாக ஒப்பிட்டு நல்லதொன்றைத் தேர்ந்தெடுத்த ஒருவர், தள்ளுபடிக்காக எடுத்த வாட்ச்சால் அடுத்த முறை ஒப்பிடும் சுதந்திரத்தையே இழந்துவிடக்கூடும்.

அப்படியொரு விலை கொடுத்து வாங்கும் வாட்ச் எதை உண்மையாக அளக்கிறது? அதைத் திருப்பிப் பார்த்தால் பச்சை விளக்குகள் மின்னுவது தெரியும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டின் நுண்குழாய்களில் ரத்தம் கூடிக் குறையும்போது, திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் அது நாடித் துடிப்பு. இவ்வளவுதான் அடிப்படை. ஆகவே துடிப்பை எண்ணுவதில் நல்ல வாட்ச்கள் பெரும்பாலும் தேறிவிடுகின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017இல் 60 பேரிடம் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆறு கருவிகள் 5 சதவீதத்துக்கும் குறைந்த பிழையோடு துடிப்பைக் கணித்தன. ஆனால், எரிந்த கலோரியைக் கணிப்பதில் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமான கருவி 93 சதவீதம். நேரடியாக அளப்பது ஒன்று, அளந்ததிலிருந்து ஊகிப்பது வேறொன்று. திரையில் இரண்டும் ஒரே அளவு எழுத்தில், ஒரே உறுதியோடு தோன்றுகின்றன.

ரத்த அழுத்தத்தில் இந்த வேறுபாடு உயிரோடு விளையாடுகிறது. அழுத்தத்தை முறையாக அளப்பதற்கு ரத்தக் குழாயை அழுத்திப் பிடித்து விட வேண்டும். மேற்கையில் பட்டை கட்டிக் காற்றடிப்பது அதற்காகத்தான். வாட்ச்சிலேயே அதைச் செய்ய முனைந்த ஹுவாவே, 2021இல் கொண்டுவந்த வாட்ச் டி மாடலின் பட்டைக்குள் காற்றுப் பை ஒன்றை வைத்தது. வெளிச்சத்தை வைத்து ஊகிக்கும் சாம்சங், 28 நாட்களுக்கு ஒருமுறை உண்மையான அழுத்தமானியோடு ஒப்பிட்டு வாட்ச்சைச் சரிசெய்யச் சொல்கிறது. பல ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகு 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஒப்புதலைப் பெற்ற ஆப்பிள்கூட, அழுத்தம் இவ்வளவு என்று எண் எதையும் காட்டுவதில்லை. 30 நாள் தரவைப் பார்த்து, உயர் அழுத்தத்துக்கான அறிகுறி இருக்கலாம், அழுத்தமானியில் பாருங்கள் என்று எச்சரிப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அந்த எச்சரிக்கையும் உயர் அழுத்தம் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோரைத் தவறவிடும் என்று அந்த நிறுவனத்தின் ஆய்வுக் குறிப்பே சொல்கிறது. உலகின் பெரும் நிறுவனம் எண் காட்டத் தயங்கும் இடத்தில், 1,500 ரூபாய் வாட்ச் 120/80 என்று சில நொடிகளில் காட்டுகிறது. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று வாங்குபவர் கேட்க வேண்டும்.

சர்க்கரை அளவில் இன்னும் தெளிவாகவே பேசலாம். தோலைத் துளைக்காமல் ரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் ஒப்புதல் தரவில்லை என்று எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் பொது எச்சரிக்கை விடுத்தது. அப்படியும் அத்தகைய வாட்ச்கள் ஆன்லைனில் விற்கின்றன. சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் இணைந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். நாட்டின் பெரியவர்களில் 35.5 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம். இத்தனை கோடிப் பேரில் ஒரு சிறு பகுதியினர் வாட்ச் சொல்லும் எண்ணை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போட்டாலோ, இன்சுலினை ஏற்றி இறக்கினாலோ விளைவு என்ன ஆகும்? விலை குறைவுதானே, சும்மா கட்டிக்கொள்ளட்டுமே என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். கிட்டத்தட்ட அதே விலையில் மேற்கையில் கட்டும் டிஜிட்டல் அழுத்தமானி கிடைக்கிறது. பெற்றோருக்குப் பரிசளிக்க நினைப்பவர்கள் வாங்க வேண்டியது அதைத்தான்.

வாட்ச்சால் உயிர் பிழைத்தவர்களின் செய்திகள் வருகின்றனவே என்பது வலுவான எதிர்வாதம். அந்தச் செய்திகளை நான் மறுக்கவில்லை. அவை யாருக்கு நடக்கின்றன என்பதுதான் கேள்வி. ஸ்டான்ஃபோர்டு நடத்தி 2019இல் வெளியான ஆப்பிள் ஹார்ட் ஸ்டடியில் 4,19,297 பேர் கலந்துகொண்டார்கள். பக்கவாதத்துக்கு இட்டுச்செல்லக்கூடிய ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புச் சீர்கேட்டை வாட்ச் கண்டுபிடிக்குமா என்பது ஆய்வு. எச்சரிக்கை வந்தது 2,161 பேருக்கு, அதாவது 0.52 சதவீதம். 65 வயதைத் தாண்டியவர்களில் 3.1 சதவீதத்தினருக்கு வந்த எச்சரிக்கை, 40 வயதுக்குக் குறைந்தவர்களில் 0.16 சதவீதத்தினருக்கே வந்தது. எச்சரிக்கை பெற்று, மார்பில் ஒட்டும் இசிஜி பட்டையை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் சீர்கேடு உறுதியானது. அது வந்து வந்து போகும் கோளாறு என்பதால் மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அறிகுறி இல்லாதவர்களிடம் இதைத் தேடிக் கண்டுபிடிப்பதால் நன்மை கூடுதலா, தீமை கூடுதலா என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022இல் கருத்துச் சொன்னது. இந்த எண்கள் காட்டும் உண்மை எளிமையானது: வாட்ச் பயன்படக்கூடிய வயதினர் ஒரு பக்கம் இருக்கிறார்கள், விளம்பரம் குறிவைக்கும் இளைஞர்கள் மறுபக்கம் இருக்கிறார்கள்.

நடக்கத் தூண்டுகிறது என்பது அடுத்த வாதம். இதில் சான்றுகள் இரு பக்கமும் இழுக்கின்றன. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 471 இளவயதினரை இரண்டு ஆண்டு கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், உடலில் அணியும் கருவியைப் பெற்றவர்கள் 3.5 கிலோ எடை குறைந்தார்கள். கருவி இல்லாமல் ஆலோசனை மட்டும் பெற்றவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள். இதை வைத்துக் கருவியே வீண் என்று முடிவுகட்டுவது அவசரம். 2022இல் லான்செட் டிஜிட்டல் ஹெல்த் இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு, இத்தகைய கருவிகள் நாளுக்குச் சுமார் 1,800 காலடிகளைக் கூட்டுகின்றன என்றும் எடை சுமார் ஒரு கிலோ குறைகிறது என்றும் காட்டியது. சிறிய பலன்தான், ஆனால் உண்மையான பலன். அதற்கு வாட்ச்தான் வேண்டுமா என்றால், இல்லை. சட்டைப் பையில் இருக்கும் போனே காலடிகளை எண்ணுகிறது. 2015இல் 14 பேரை வைத்து நடந்த சிறிய சோதனை ஒன்றில், சில கையணிக் கருவிகளைவிடப் போன் செயலிகளின் எண்ணிக்கை உண்மைக்கு நெருக்கமாக இருந்தது. பத்தாயிரம் காலடி என்ற இலக்கே 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்ற காலடிமானியின் பெயரிலிருந்து வந்ததுதான். 60 வயதைக் கடந்தவர்களுக்கு ஆறாயிரம் முதல் எட்டாயிரம் காலடிகளிலேயே பெரும்பகுதி நன்மை கிடைத்துவிடுகிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் வாட்ச் யாருக்குமே வேண்டாம் என்பது என் நிலைப்பாடு அல்ல. தனியாக வசிக்கும் முதியவர் வழுக்கி விழுந்து அசைவற்றுக் கிடந்தால், ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அவசர உதவிக்குத் தானே அழைக்கும் வசதி நல்ல வாட்ச்களில் இருக்கிறது. ஆனால் அது நாளும் சார்ஜ் ஏற்றப்பட்டு, குளியலறையிலும் கையில் இருக்க வேண்டும். போன் அருகில் இருக்க வேண்டும், அல்லது வாட்ச்சிலேயே சிம் வசதி வேண்டும். படபடப்பு வந்து மருத்துவமனைக்குப் போவதற்குள் சரியாகிவிடுகிறவர்களுக்கு, படபடக்கும் அந்த நேரத்திலேயே இசிஜி பதிவுசெய்து மருத்துவரிடம் காட்ட முடிவது பெரிய உதவி. காது கேளாதவர்களுக்கு மணிக்கட்டில் அதிரும் அழைப்பும் அலாரமும் வேறு எந்தக் கருவியும் எளிதில் தராத வசதி. நீண்ட தூரம் ஓடிப் பயிற்சி செய்கிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இவர்கள் அனைவருக்கும் பொதுவான ஒன்று உண்டு: குறிப்பிட்ட ஒரு தேவை இருக்கிறது, வாட்ச் அதற்கு விடை தருகிறது. அப்படியொரு தேவையைச் சொல்ல முடியாதவர் வாட்ச்சுக்குக் கொடுக்கும் பணத்தைக் கூடுதல் ஆயுள் கொண்ட போனில் போடுவதே லாபம். இந்தியர்கள் இதை ஓரளவு உணர்ந்துவிட்டார்கள் போலும். சந்தை ஆய்வு நிறுவனமான ஐடிசியின் கணக்கின்படி 2023இல் 5.3 கோடியாக இருந்த ஸ்மார்ட்வாட்ச் வரத்து, 2024இல் 3.5 கோடியாகச் சரிந்தது.

வாங்குபவர் விழிப்பாக இருந்தால் போதும் என்று இதை விட்டுவிட முடியாது. பெட்டியில் அடைத்து விற்கும் பொருளின் மேல் அதிகபட்ச விலையும், தயாரித்த மாதமும், எந்த நாட்டுப் பொருள் என்பதும் அச்சிடப்பட வேண்டும் என்று இந்தியாவில் ஏற்கெனவே விதி இருக்கிறது. போனுக்குக் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம், பேட்டரி எத்தனை சுழற்சி தாங்கும் என்ற இரண்டு வரிகளையும் அதோடு சேர்ப்பதற்குப் புதிய சட்டம்கூடத் தேவைப்படாது. பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று காட்டும் பழுதுபார்ப்புக் குறியீடு பற்றி மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2024இல் குழு அமைத்தது. குழுவும் அறிக்கை கொடுத்துவிட்டது. அதைச் செயல்படுத்துவதில் இனியும் தாமதம் கூடாது. வாட்ச் விஷயத்தில் நிலைமை இன்னும் அவசரமானது. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துகளுக்கான சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. மேற்கையில் கட்டும் அழுத்தமானி அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் விற்கப்படுகிறது. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று பொடி எழுத்தில் ஒரு வரியைப் போட்டுவிட்டு, பெட்டியின் முன்பக்கத்தில் ரத்த அழுத்தம் என்று பெரிதாக அச்சிட்டு வாட்ச் விற்பவர்களும் அதே உரிமத்தைப் பெற வேண்டும். பெறாத வாட்ச்சின் திரையில் ரத்த அழுத்தம் என்று ஓர் எண் வருவதற்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இடம் தரக் கூடாது.